வாய்க்காலோரம் நடப்பட்ட மரம்

ஆண்டின் பொதுக்காலம் 6ஆம் ஞாயிறு – மூன்றாம் ஆண்டு
வாசகங்கள்: எரேமியா 17:5-8, திருப்பாடல் 1, 1 கொரிந்தியர் 15:12,16-20, லூக்கா 6:17,20-26
(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம்)



உத்தமபாளையத்தில் முல்லைப் பெரியாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது நாம் தினமும் ஒரு காட்சியைப் பார்க்கிறோம். பழகிப்போனதால் அதைக் கவனிப்பதில்லை. சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும்போதும் வாய்க்காலோரம் நிற்கும் மரங்கள் பச்சையாக இருக்கின்றன. அங்கிருந்து கொஞ்ச தூரம் மலையடிவாரத்துப் பக்கம் நடந்தால் முட்புதர்கள்தான் நிற்கின்றன. இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே வானம், ஒரே காற்று. ஒன்று பசுமையாகவும் மற்றொன்று முள்ளாகவும் இருப்பதற்குக் காரணம் என்ன? அது நிற்கும் இடம், அதன் வேர் போய்ச் சேரும் இடம். அவ்வளவுதான்.

இன்றைய முதல் வாசகத்தில் எரேமியா இறைவாக்கினர் இதே இரண்டு செடிகளைத்தான் நமக்குக் காட்டுகிறார். மனிதரை மட்டும் நம்பி ஆண்டவரை விட்டு விலகுகிறவர் பாலைநிலத்துப் புதர். ஆண்டவரை நம்புகிறவர் நீர் அருகே நடப்பட்ட மரம். பதிலுரைப் பாடலான முதலாம் திருப்பாடலும் அதே மரத்தைக் காட்டுகிறது. 150 திருப்பாடல்கள் உள்ள நூலுக்கு வாசற்படியாக வைக்கப்பட்ட பாடல் இது. உள்ளே நுழையும் முன்பே, "நீ எந்த வழியில் நடக்கப் போகிறாய்?" என்று நம்மைக் கேட்டுவிடுகிறது.

இந்தப் பாடலில் வரும் இரண்டு எபிரேயச் சொற்களை, குறிப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நாம், தெரிந்துகொள்ள வேண்டும். நீரோடை என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூல மொழியில் உள்ள சொல், நிலத்தைப் பிளந்து வெட்டப்பட்ட நீர்க்காலைக் குறிக்கும். நம் ஊர்ப் பேச்சில் வாய்க்கால். நடப்பட்ட என்ற இடத்தில் உள்ள சொல், வேறோர் இடத்திலிருந்து எடுத்து வந்து ஊன்றப்பட்ட என்ற பொருளைத் தரும். நாற்றங்காலில் பறித்து வயலில் நடுகிறோமே, அதுபோல. அந்த மரம் தானாக அங்கே முளைக்கவில்லை. அந்தத் தண்ணீரும் தானாக அங்கே வரவில்லை. ஒருவர் வாய்க்கால் வெட்டினார், ஒருவர் கொண்டுவந்து நட்டார்.

இதன் பொருளை வேறு எந்த ஊர்க்காரருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். நமக்கு அது தேவையில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கம், மழை மறைவில் இருக்கிறோம். மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழையெல்லாம் பெரியாறாகி மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1887இல் கர்னல் பென்னிகுயிக் தலைமையில் அணை வேலை தொடங்கியது. கட்டியதை வெள்ளம் அடித்துப் போயிருக்கிறது. காய்ச்சலிலும் காலராவிலும் பலர் அந்தக் காட்டிலேயே இறந்திருக்கிறார்கள். 1895இல் அணை முடிந்தது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே திரும்பியது. இன்று நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது என்றால், அது யாரோ உயிரைக் கொடுத்துத் திருப்பிய தண்ணீர். நம் தகுதியால் வந்தது இல்லை.

நம் பந்தல்களில் தொங்கும் பன்னீர் திராட்சையும் அப்படித்தான். 1832இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்த கொடி என்று சொல்லப்படுகிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லாரும் பெருமைப்பட்டோம். எங்கிருந்தோ வந்து நடப்பட்ட கொடி இன்று இந்த மண்ணின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அன்பானவர்களே, நேர்மையான வாழ்வைப் பற்றித் திருப்பாடல் சொல்லும் முதல் செய்தி இதுதான். யாரும் வாய்க்காலோரம் பிறப்பதில்லை, நடப்படுகிறோம். திருமுழுக்கு நாளில் ஆண்டவர் நம்மைப் பறித்து நட்டார். தண்ணீரையும் அவரே கொண்டுவந்தார். அந்தத் தண்ணீர் அவருடைய வார்த்தை. வேரை அந்தப் பக்கம் விடுவதா வேண்டாமா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இனி, பாடலின் தொடக்கத்துக்கு வருவோம். நற்பேறு பெற்றவர் யார் என்று சொல்லும்போது, அவர் செய்யாத மூன்று காரியங்களை ஆசிரியர் முதலில் வரிசைப்படுத்துகிறார். பொல்லாரின் யோசனைப்படி நடப்பதில்லை. பாவிகளின் வழியில் நிற்பதில்லை. இகழ்ந்து பேசுவோர் கூட்டத்தில் உட்காருவதில்லை. நடப்பது, நிற்பது, உட்காருவது. இந்த வரிசையைக் கவனியுங்கள். ஒருவர் கெட்டுப்போவது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் அந்தப் பக்கமாக நடக்கிறோம். பிறகு, "என்னதான் பேசுகிறார்கள், பார்ப்போம்" என்று நிற்கிறோம். கடைசியில் நமக்கும் ஒரு பெஞ்சு கிடைத்துவிடுகிறது. உட்கார்ந்துவிட்டவருக்கு எழுந்திருப்பது கடினம்.

நமக்குள் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். கவாத்து, மருந்து, ஆள்கூலி எல்லாமே கடன் வாங்கிச் செய்தது. நேற்றுத்தான் கொடிக்கு மருந்தடித்திருக்கிறார். இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று மருந்து டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. இன்று காலையில் வியாபாரி வந்து நிற்கிறார். "இப்போ வெட்டினா இந்த விலை. அடுத்த வாரம் வந்தா என் கையில இல்ல" என்கிறார். வானமோ மூடிக்கொண்டு நிற்கிறது. மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். டீக்கடைக்குப் போனால் அங்கே ஒருவர், "ஊரே அப்படித்தான் வெட்டுது. நீ மட்டும் யோக்கியனா இருந்து என்னத்தக் கண்ட?" என்கிறார். அந்தப் பழம் ஏதோ ஓர் ஊரில், கழுவாமல்கூட ஒரு குழந்தையின் வாய்க்குள் போகும் என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இது தோட்டம் வைத்திருப்பவருக்கு மட்டும் வரும் சோதனை இல்லை. தராசு வைத்திருப்பவருக்கு எடையில் வரும். அலுவலகத்தில் இருப்பவருக்கு ஒரு கையெழுத்தில் வரும். கூலிக்கு ஆள் வைப்பவருக்குச் சனிக்கிழமை சம்பளத்தில் வரும். கைப்பேசி வைத்திருக்கும் இளைஞருக்கு நடுராத்திரியில் வரும். சாராயக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்பவருக்குச் சம்பளம் வாங்கிய மாலையில் வரும்.

அந்த நேரத்தில் நாம் எப்படி முடிவெடுக்கிறோம்? அப்போது யோசித்து முடிவெடுப்பதாக நினைக்கிறோம். உண்மை அப்படி இல்லை. வியாபாரி வந்து நிற்கும்போது விவிலியத்தைத் தேடி எடுக்க நேரம் இருக்காது. அந்த நேரத்தில் ஏற்கெனவே உள்ளே என்ன ஊறியிருக்கிறதோ அதுதான் வெளியே வரும். வறட்சி வந்த பிறகு மரம் வேர் விட முடியாது. வறட்சிக்கு முன்பே, யாரும் பார்க்காத மண்ணுக்கடியில், அது வேர் விட்டிருக்க வேண்டும். ஆகவே நேர்மையான வாழ்வைத் தேர்ந்தெடுப்பது சோதனை வரும் அந்த ஒரு நிமிடத்தில் நடக்கிற காரியம் இல்லை. அதற்கு முந்தைய நூறு மாலைப் பொழுதுகளில் நாம் எதில் மகிழ்ந்திருந்தோம் என்பதில் அது முன்பே முடிவாகிவிடுகிறது.

எதில் மகிழ்ந்திருந்தோம் என்று வேண்டுமென்றே சொல்கிறோம். ஏனென்றால் திருப்பாடலும் அப்படித்தான் சொல்கிறது. செய்யாத மூன்றைச் சொல்லி முடித்த ஆசிரியர், அடுத்து என்ன சொல்வார் என்று நாம் எதிர்பார்ப்போம்? ஆண்டவரின் சட்டத்தைக் கடைப்பிடிப்பவர் என்று எதிர்பார்ப்போம். அதற்கு அஞ்சுபவர் என்றுகூட எதிர்பார்ப்போம். ஆனால் அவர் சொல்வது, அதில் மகிழ்ச்சி கொள்பவர் என்று. முதலில் மகிழ்ச்சி. அதிலிருந்துதான் கனி.

நம்மில் பலர் பயத்தால் நல்லவர்களாக இருக்கப் பார்க்கிறோம். நரகத்துக்குப் பயம், ஊர்ப் பேச்சுக்குப் பயம், சாமியார் கேட்டுவிடுவாரோ என்று பயம். பயமும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகும், ஆனால் பாதி வழியில் விட்டுவிடும். பிடித்ததைச் செய்யாமல் பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? ஓர் ஆசையை அதைவிடப் பெரிய ஆசை வந்துதான் வெளியேற்றும். குடியை விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். "குடி கெட்டது என்று தெரிந்ததால் விட்டேன்" என்று சொல்பவர்கள் குறைவு. கெட்டது என்று முதல் நாளே தெரியும். "பிள்ளை முகத்தைப் பார்த்தேன், விட்டேன்" என்பார்கள். குடியைவிட இனிப்பான ஒன்று கண்ணில் பட்டது.

இப்போது நேர்மையாக ஒன்றை ஒத்துக்கொள்வோம். "சாமி, மகிழ்ச்சி என்கிறீர்கள். விவிலியத்தைத் திறந்தால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது" என்று நம்மில் பலர் மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்கான மருந்தையும் அதே வசனத்திலேயே ஆசிரியர் வைத்திருக்கிறார். இரவும் பகலும் அந்தச் சட்டத்தைச் சிந்திப்பவர் என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேயத்தில் 'ஹாகா' என்ற சொல் இருக்கிறது. அதற்கு மெல்லிய குரலில் முணுமுணுப்பது என்று பொருள். எசாயா நூலில் இதே சொல் இரையின் மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும், முனகும் புறாவுக்கும் பயன்படுகிறது. மாடு அசை போடுவதைப் பார்த்திருக்கிறோம். மேயும்போது அவசரமாக விழுங்கும். பிறகு நிழலில் படுத்துக்கொண்டு, விழுங்கியதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக மெல்லும். அப்போதுதான் அது பாலாக மாறும். இறைவார்த்தையை அப்படி அசை போட வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. இரண்டாம் திருப்பாடலின் முதல் வசனத்தில், மக்களினங்கள் வீணானதைச் சூழ்ச்சி செய்கின்றன என்று வருகிறதே, அங்கேயும் மூலத்தில் இதே 'ஹாகா'தான். ஆக, எல்லாரும் எதையோ முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். கடன்காரன் சொன்ன வார்த்தையை இரவெல்லாம் அசை போடுகிறோம். பங்காளி வரப்பை வெட்டியதை நாலு வருடமாக அசை போடுகிறோம். கல்யாண வீட்டில் நம்மைச் சரியாகக் கவனிக்காததை அசை போடுகிறோம். தியானம் செய்யத் தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. எதைத் தியானம் செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

அசை போடப்பட்ட இறைவார்த்தை ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதற்கு நம் தமிழ் மண்ணிலேயே ஒரு சான்று இருக்கிறது. மறைசாட்சி புனித தேவசகாயம்.

1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் அலுவலராக இருந்தார். நல்ல குடும்பம், வசதி, அரண்மனைச் செல்வாக்கு எல்லாம் இருந்தது. பிறகு ஒரு காலம் வந்தது. கால்நடைகள் இறந்தன, விளைச்சல் போனது, வீட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக இழப்பு. அந்த வேதனையில் இருந்தபோது, 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு மன்னரின் படைத்தளபதியான டச்சுக்காரர் டிலனாய் அவரிடம் பேசினார். அவர் தத்துவம் எதுவும் பேசவில்லை. யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத ஒரு மனிதனின் கதை.

கவனியுங்கள், நீலகண்டனின் கையில் அன்று தமிழ் விவிலியம் இல்லை. காதால் கேட்டார். கேட்டதை உள்ளே போட்டுக்கொண்டார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, லாசர் என்பதன் பொருள்படும் தேவசகாயம் என்ற பெயரை ஏற்றார். அவருடைய மனைவி ஞானப்பூ என்ற பெயரோடு கிறிஸ்தவரானார். அதன் பிறகு அவர் செய்த காரியம் அன்றைய சமூகத்தால் தாங்க முடியாததாக இருந்தது. சாதியின் பெயரால் தள்ளிவைக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். இந்த வார்த்தை உள்ளே போன பிறகு அந்தச் சுவர் அவருக்குத் தேவைப்படவில்லை.

1749இல் கைது செய்யப்பட்டார். எருமை மேல் பின்புறமாக உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். மூன்று ஆண்டுகள் அடி, கட்டு, வெயில், தாகம். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது முழங்கையால் முட்டிய பாறையிலிருந்து தண்ணீர் வந்தது என்பது மக்கள் மரபு. அந்த முட்டிடிச்சான் பாறைக்கு இன்றும் மக்கள் போகிறார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். குருவோ துறவியோ அல்ல. திருமணமானவர், வேலை பார்த்தவர், நம்மைப்போல ஒரு பொதுநிலையினர்.

"மறுதலித்துவிடு, பதவியைத் திருப்பித் தருகிறோம்" என்ற குரல் கேட்கும் நேரத்தில் யாரும் புதிதாக நம்பிக்கையைக் கற்றுக்கொள்ள முடியாது. யோபுவைக் கேட்ட நாளிலிருந்தே வேர் இறங்கிக்கொண்டிருந்தது. யோபுவின் கதையைக் கேட்டவர், கடைசியில் யோபுவாகவே வாழ்ந்து காட்டினார்.

இந்தப் புனிதரின் படத்துக்கு மாலை போடுவது எளிது. அவரைப் புனிதராக்கிய கனியை நாம் தருகிறோமா? தமிழகத் திருச்சபையில் கல்லறைக்குள்ளும் சாதிச் சுவர் எழுப்பிய இடங்கள் உண்டு என்பது நமக்குத் தெரியாதது இல்லை. நம் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், நம் வீட்டு டம்ளரில் யாருக்குத் தண்ணீர், நம் பிள்ளைக்கு எந்த வீட்டில் பெண் எடுப்போம் என்று வரும்போது, உள்ளே முணுமுணுப்பது இறைவார்த்தையா, பாட்டன் சொல்லிவைத்த சாதிப் பேச்சா? நற்கருணையை ஒரே பந்தியில் வாங்கிவிட்டுக் கோயில் வாசலுக்கு வெளியே வேறு பந்தி தேடினால், வேர் வாய்க்காலைத் தொடவில்லை என்றுதான் பொருள்.

இங்கே ஒரு கேள்வி எழும். செய்வதெல்லாம் கைகூடும் என்று திருப்பாடல் சொல்கிறதே. தேவசகாயத்துக்கு என்ன கைகூடியது? காத்திருந்து பறித்த விவசாயிக்கு மழையில் பழம் வெடித்துப் போனால்? நியாயமாக எடை போட்ட கடைக்காரரின் கடையில் ஈ ஓடினால்?

இதற்காகத்தான் திருச்சபை இன்று மற்ற வாசகங்களையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. வாய்க்காலோர மரத்துக்கு வறட்சியே வராது என்று எரேமியா சொல்லவில்லை. வெப்பம் அதற்கும் வருகிறது, வறட்சி ஆண்டு அதற்கும் வருகிறது. அது அஞ்சுவதில்லை என்றுதான் சொல்கிறார். நற்செய்தியில் இயேசு யாரைப் பேறு பெற்றவர் என்கிறார்? பண்ணை நிறைந்தவரை இல்லை. ஏழைகளை, பசித்திருப்போரை, அழுகிறவர்களை, மானிட மகன் பொருட்டு வெறுக்கப்படுவோரை. இன்று நிறைந்து சிரித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து ஐயோ என்கிறார். கணக்கை இன்றைக்கே முடித்துவிடாதீர்கள் என்கிறார். மரம் பருவகாலத்தில் கனி தரும். அந்தப் பருவம் நாம் குறிக்கும் தேதி இல்லை. இரண்டாம் வாசகத்தில் புனித பவுல், கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் நம் நம்பிக்கை வீண் என்கிறார். அவர் உயிர்த்தெழுந்தார். ஆகவே கல்லறைக்கு அப்பாலும் ஒரு பருவம் இருக்கிறது. காற்றாடிமலையில் விழுந்த விதை 270 ஆண்டுகள் கழித்துப் பீடத்தில் வைத்து வணங்கும் கனியாகியிருக்கிறது.

இந்தத் திருப்பாடல் சொல்லும் அந்த ஒரு மனிதரை முழுமையாக நாம் இயேசுவில்தான் காண்கிறோம். பாலைநிலத்தில் நாற்பது நாள் பசியோடு இருந்தவரிடம் அலகை மூன்று முறை வந்தது. மூன்று முறையும் அவர் இணைச்சட்ட நூலிலிருந்து பதில் சொன்னார். கையில் சுருளேடு இல்லை. நாசரேத்துத் தொழுகைக்கூடத்திலும் தாயின் மடியிலும் கேட்டு ஊறியது வந்தது. சிலுவையில் மூச்சு அடங்கும்போதும் அவர் வாயில் திருப்பாடல்தான் இருந்தது.

பாடல் பதரைக் காட்டி முடிகிறது. பதரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். களத்தில் தூற்றும்போது மணி காலடியில் விழும், பதர் காற்றோடு போகும். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் ஒரே உமி, ஒரே நிறம். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போனால், "பயிர் சாவியாப் போச்சு" என்கிறோம். பதர் என்பது கெட்ட விதையிலிருந்து வந்தது இல்லை. நல்ல நாற்றில் வந்து, உள்ளே பால் ஏறாமல் போனது. நமக்கும் கிறிஸ்தவப் பெயர் இருக்கும், கழுத்தில் செபமாலை இருக்கும், திருவிழாவுக்கு நன்கொடையும் கொடுப்போம். உள்ளே பால் ஏறவில்லை என்றால் முதல் காற்றுக்கே பறந்துபோவோம்.

ஆகவே இந்த வாரம் என்ன செய்யலாம்?

நம் தாத்தா பாட்டிகள் காலத்தில் திருப்பலி இலத்தீனில் நடந்தது. வீட்டில் விவிலியம் வைத்திருந்தவர்கள் குறைவு. உபதேசியார் சொல்லக் கேட்டதை வைத்தே பிள்ளைகளை நம்பிக்கையில் வளர்த்தார்கள். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் விவிலியத்தை எல்லா மக்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்றது. 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு நம் கைக்கு வந்தது. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ், பொதுக்காலம் 3ஆம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார். வாய்க்கால் வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. மடையைத் திறக்கும் வேலை மட்டும் பாக்கி இருக்கிறது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் போதும். தொலைக்காட்சியை நிறுத்துவோம், கைப்பேசிகளை ஓரமாக வைப்போம். வீட்டில் வாசிக்கத் தெரிந்த சிறிய பிள்ளையை வாசிக்கச் சொல்வோம். கண்ணால் மட்டும் வாசிக்காமல் வாய்விட்டு வாசிக்க வேண்டும். எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் அப்போதுதான் பங்கு கிடைக்கும். தேவசகாயமும் கேட்டுத்தானே நம்பினார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? இன்றைக்கு இதே முதலாம் திருப்பாடல். ஆறே வசனங்கள்தான். நாளை முதல் லூக்கா நற்செய்தி, கொஞ்சம் கொஞ்சமாக.

வாசித்ததில் ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்வோம். மறுநாள் காலையில் வேலைக்குப் போகும்போது, பால் கறக்கும்போது, பேருந்துக்குக் காத்திருக்கும்போது, பந்தலுக்கடியில் கொத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அதை மெல்ல முணுமுணுப்போம். முதல் வாரம் ருசி தெரியாது. சின்ன வயதில் நமக்கு நெல்லிக்காயும் அப்படித்தான் இருந்தது. மென்று தின்று தண்ணீர் குடித்த பிறகுதான் இனித்தது. வாரக் கடைசியில் அன்பியக் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வோம்: "இந்த வாரம் எந்த வசனம் உங்க கூட வந்துச்சு? அது எந்த முடிவ மாத்துச்சு?" என்று. இரண்டாவது கேள்வியை விட்டுவிடக் கூடாது. கனி தராத வாசிப்பு வெறும் இலைதான்.

நாம் முதலில் பார்த்த அந்தத் தோட்டக்காரரிடம் திரும்பிப் போவோம். வியாபாரி நிற்கிறார், வானம் மூடியிருக்கிறது. முந்தின இரவு அவருடைய மகள் வாசித்த வார்த்தை அவருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பெரிதாக எதுவும் பேசவில்லை. "நாலு நாள் பொறுத்து வாங்கண்ணே. இப்ப வெட்ட மாட்டேன்" என்கிறார். மழை வந்ததா, விலை கிடைத்ததா என்று நாம் இப்போது சொல்லப்போவதில்லை. இரண்டில் எது நடந்தாலும் அவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார். நல்லாருடைய வழியை ஆண்டவர் அறிந்திருக்கிறார் என்று திருப்பாடலின் கடைசியில் வருகிறது. ஊர் அறியாவிட்டாலும் அவர் அறிந்திருக்கிறார். அது போதும்.

மன்றாடுவோம்.

ஆண்டவரே, காட்டில் கிடந்த எங்களை எடுத்து உமது வாய்க்காலோரம் நட்டீர். எங்கள் வேர் உமது வார்த்தையைத் தேடி இறங்கச் செய்யும். அதில் எங்களுக்கு ருசியைத் தாரும். வறட்சி வரும் நாளில் அஞ்சாமலும், மகசூல் வரும் நாளில் உம்மை மறவாமலும் இருக்கச் செய்யும். விலைக்கும் உண்மைக்கும் நடுவே நிற்கும் எங்கள் விவசாயிகளையும் தொழிலாளர்களையும் வணிகர்களையும் இளைஞர்களையும் தாங்கியருளும். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.